அணைக்கும்போது வரும் படம்

கோட்டாறில் கணினி பழுதுபார்க்கும் கடையில் மதிய வெயில் மேசைமேல் சாய்ந்து விழுகிறது. கடலுக்குப் போய்த் திரும்பாத லிபினின் கணினி அங்கே இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் அவன் சிரிக்கும் படம் வரும். அணைக்கும்போது வர வேண்டுமென்று அவன் செய்துவைத்த இன்னொரு படம் இதுவரை வந்ததே இல்லை. “படம் காட்டுத ஸ்கிரிப்ட், அதான் அந்தச் சின்ன புரோகிராம், வீட்டுல அம்மையப் போல, மாமி. முதல்ல எழும்பணும், கடைசியில படுக்கணும். லிபின் மண்டன், அத முதல்லயே படுக்க வச்சிட்டான்,” என்று லிபினின் தாய் குளோரியிடம் சொல்லியபடி, அவன் நண்பன் ஜெனோ அந்த ஸ்கிரிப்ட் கடைசியில் நிற்கும்படி வரிசை எண்ணை மாற்றிக் கணினியை அணைக்கிறான். உள்ளே புரோகிராம்கள் ஒவ்வொன்றாக உறங்குகின்றன. கடைசியாகத் திரையில் லிபின் கையசைக்கிறான். கீழே ‘போயிட்டு வாறேம்மா’ என்ற எழுத்து. திரை கறுக்கிறது. குளோரி அதில் விரல் வைத்துக் கேட்கிறாள்: “ஏலே, வாறேன்னு சொன்னா வரணும்லா?”