தேக்கு நாற்காலி

போன மாதம் கல்யாண மண்டபத்தில், அத்தனை பேர் பார்க்க, தில்லைநாயகி உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி முறிந்து விழுந்தது. இன்று மகளுக்காக மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருக்கிறாள். கூடம் நிறைய ஒல்லிக்கால் நாற்காலிகள், எல்லாம் ஆன்லைனில் வாங்கிய புதுசு.

"உட்காருங்க சம்பந்தி" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"இருக்கட்டுங்க. கார்ல உட்கார்ந்துதானே வந்தேன்." நீட்டிய கேசரியையும் மறுத்தாள்.

மூலையில் ஒரு தேக்கு நாற்காலி கிடந்தது. அதன் மேலிருந்த செய்தித்தாள்களை எடுத்துக் கீழே வைத்தாள்.

"ஐயோ, அது பழசுங்க. தூக்கிப் போடணும்."

தில்லைநாயகி மெல்ல உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். நாற்காலி ஒரு முனகல்கூட விடவில்லை. முதுகையும் சாய்த்துப் பார்த்தாள். பிறகு கேசரிக்குக் கை நீட்டினாள்.

"இதைத் தூக்கிப் போட்டுடாதீங்க சம்பந்தி. இனிமே நான் அடிக்கடி வரணுமே."