கவுன்சிலரைத்தான் பார்க்கணும்

மூன்றாவது தடவையும் கவுன்சிலரின் கணவர்தான் வாசலுக்கு வந்தார்.

"எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க. அவங்க வேற, நான் வேறயா?"

வாசலில் நின்ற ஆறு இளைஞர்களும் நகரவில்லை. அவர்களில் மூத்தவனை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் நிதானமாகச் சொன்னான்.

"ஓட்டு கேட்டப்ப அவங்க பேரைத்தானே சார் சொன்னீங்க? அவங்க எங்க தெருவுக்கு வரணும். ஜனங்க முன்னாடி உட்கார்ந்து, அவங்க வாயாலயே பதில் சொல்லணும்."

கணவர் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

பிரச்னை, ரயில் பாதைக்கு அடியில் போகிற சுரங்கப்பாதை. எட்டு மாதமாக அதில் ஒரு விளக்குகூட எரியவில்லை. போன மாதம் ஒரு பெண்ணைக் கீழே தள்ளிவிட்டுக் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருந்தார்கள்.

ஆறு பேரில் ஒருத்தி நர்ஸ். டியூட்டி முடிந்து அந்த வழியாகத்தான் வீடு திரும்புவாள். வீடு வீடாக ஏறி இறங்கி நானூறு கையெழுத்து வாங்கியது அவள்தான். கவுன்சிலரிடம் என்னென்ன கேட்பது என்று உட்கார்ந்து எழுதியதும் அவளே.

முதலில் மனு கொடுத்தார்கள். கணவரிடமிருந்து போன் வந்தது. அலுவலகத்துக்கே போய்ப் பார்த்தார்கள். அங்கேயும் கவுன்சிலர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து கணவர் முந்திக்கொண்டார். இப்போது வீட்டு வாசலிலும் அவரேதான். அந்தம்மா சும்மா தலையாட்டி பொம்மை, இனி அலைவது வீண் என்று இரண்டு பேர் சலித்துக்கொண்டார்கள்.

தாடி விடவில்லை. மறுநாளிலிருந்து ஆறு பேரும் வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் கவுன்சிலர் வீட்டுக்கு எதிரே நின்றார்கள். கையில் ஒரே ஒரு அட்டை: 'எங்கள் கவுன்சிலரோடு பேச வேண்டும்'. கோஷம் கிடையாது, கூச்சல் கிடையாது. மழை பெய்த நாளில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பத்தொன்பதாம் நாள் கவுன்சிலர் தனியாக வெளியே வந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிறன்று தெருவே திரண்டது. கவுன்சிலரோடு கணவரும் வந்தார். தாடி அவரை மரியாதையாக அழைத்துப்போய் ஜனங்களோடு ஜனங்களாக முன்வரிசையில் உட்கார வைத்தான்.

நர்ஸ் எழுதிய கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். கவுன்சிலர் முதலில் தடுமாறினார். பிறகு சுதாரித்துக்கொண்டார். விளக்குக்கான கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது, ஏன் கிடக்கிறது, தான் எத்தனை தடவை கேட்டுப் பார்த்தார் என்று காகிதத்தைப் பார்க்காமலே சொன்னார். இவ்வளவு தெரிந்தவரா இத்தனை நாள் பேசாமல் இருந்தார் என்று ஜனங்கள் அசந்துபோனார்கள். இந்த மாதக் கடைசிக்குள் விளக்கு எரியும், எரியாவிட்டால் இதே இடத்துக்கு வந்து பதில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

கைதட்டல் அடங்கியதும், இந்தக் கேள்விகளையெல்லாம் யார் எழுதியது என்று கேட்டார். நர்ஸ் கையைத் தூக்கினாள்.

"நீங்க தினமும் அந்த வழியா போறவங்க. விளக்கு மட்டும் போதுமா, வேற என்ன செய்யணும்னு சொல்லுங்க."

நர்ஸ் எழுந்தாள். "அந்தத் திருப்பத்துலதாங்க..."

அதற்குள் தாடி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். குழுவின் சார்பில் தானே விளக்குவதாகச் சொல்லி, மூன்று அம்சத் திட்டம் ஒன்றை விவரிக்க ஆரம்பித்தான். நர்ஸ் மெதுவாக உட்கார்ந்துவிட்டாள்.

கவுன்சிலர் பொறுமையாகக் கேட்டார். அவன் மூச்சு விட்ட இடைவெளியில், "நீங்களும் அந்த வழியாத்தான் போவீங்களா தம்பி?" என்றார்.

"இல்லீங்க மேடம். எனக்கு பைக் இருக்கு, மேம்பாலத்து வழியா போயிடுவேன்."

கவுன்சிலர் அவன் கையிலிருந்த மைக்கை வாங்கி நர்ஸிடம் நீட்டினார். பிறகு முன்வரிசையைக் காட்டிச் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரர் பக்கத்துல இடம் இருக்கு தம்பி. போய் உட்கார்ந்துக்கங்க."