வாகனக் கட்டுப்பாடு

ஏழாவது கொண்டை ஊசி வளைவில், ஏற்றத்தின் நடுவே, ஜீப்பை நிறுத்தச் சொன்னார் கண்ணாயிரம்.

நர்மதா நிறுத்தினாள்.

அவர் இறங்கி, பின் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒரு கல்லை வைத்தார். கிளம்பும்போது வண்டி பின்னால் உருண்டு கல்லில் முட்டினால் ஃபெயில். ஓட்டுநர் வேலைக்கு வந்த மற்றவர்களுக்கு, ஆபீஸ் மைதானத்தில் எட்டுப் போட்டதோடு தேர்வு முடிந்திருந்தது. மலைக்காரிக்கு மலை.

ஏறி உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை.

"உங்களுக்கு இன்னாம்மா, கோட்டா. கிளட்ச்சே மிதிக்காம மேல போயிடுவீங்க."

கோட்டாவில் இருந்தது ஒரே ஒரு இடம், பழங்குடியினருக்கு. அவள் தேறாவிட்டால் 'தகுதியான ஆள் இல்லை' என்று ஒரு வரி எழுதி அதையும் மூடிவிடுவார்கள். எழுத வேண்டியவர் பக்கத்து சீட்டில்தான் இருந்தார்.

பி.ஏ. முடித்து மூன்று வருஷமாக, தன் மாமனின் மரவள்ளி லாரியை இதே வளைவில்தான் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறாள். கிளட்ச்சைப் பாதி விட்டாள். வண்டி லேசாகச் சிலிர்த்தது. ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். ஏறியது.

கல் வைத்த இடத்திலேயே கிடந்தது. கண்ணாயிரம் அதைக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். வளைவு தாண்டி ஓரம் கட்டச் சொல்லி, மடியில் தாளை வைத்து எழுதினார்.

வாகனக் கட்டுப்பாடு: போதாது.

"பொம்பளப் புள்ள, மலை ரோடு. நாளைக்கு ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது" என்றார், தாளைப் பார்த்துக்கொண்டே. "ஆபீசுக்கு வுடும்மா."

நர்மதா என்ஜினை அணைத்தாள். சாவியை உருவி அந்தத் தாளின் மேல் வைத்தாள். இறங்கிப் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஃபெயிலானவ கவர்மென்ட் வண்டிய ஓட்டக் கூடாதுங்க சார். நீங்களே ஓட்டிக்கினு போங்க."

கண்ணாயிரம் சாவியைத் தொடவில்லை. தலையை வெளியே நீட்டி, பஸ் வருகிறதா என்று பார்த்தார்.

வராது. கீழே கச்சிராயபாளையத்தில், இட ஒதுக்கீடு கேட்டு மறியல். காலையில் அவருடைய மச்சான்தான் நடுரோட்டிலிருந்து எழுந்து வந்து ஜீப்புக்கு வழி விட்டிருந்தான்.

ஒரு குரங்கு பானெட்டில் ஏறி உட்கார்ந்தது. இருவரையும் பார்த்துவிட்டு இறங்கிப் போனது.

அரை மணி நேரம் கழித்து, திரும்பாமலேயே சொன்னார்.

"என்னுது ஆட்டோமேட்டிக்கும்மா. கியரு வண்டியத் தொட்டு ஆறு வருசம் ஆவுது."

"சரிங்க சார்."

பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. 'போதாது' என்பதை அடித்தார். மேலே 'நன்று' என்று எழுதினார். தாளையும் சாவியையும் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினார்.

நர்மதா நிதானமாகப் படித்தாள். சாவியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"அடிச்ச எடத்துல ஒரு கையெழுத்து போட்டுடுங்க சார்."