தையல் மேல் படாமல்

“கம்பி வச்சது வேணாம். கொக்கியும் கூடாது. நாடா தொங்குறதா இருந்தா எடுக்கவே எடுக்காத.”

மேசையில் பரப்பியிருந்த பிராக்களையும் ஜட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள் அந்த அம்மாள். விற்பனைப் பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது. சும்மாவா அவளுக்குக் கடையில் வாயாடி என்று பெயர்?

“ஏம்மா, கம்பி வேணாம், கொக்கி வேணாம், நாடா வேணாம். துணியாவது இருக்கலாமா?”

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. “அடிபட்ட பொண்ணுக்கும்மா. ஆஸ்பத்திரியில கிடக்கா.”

அப்போதுதான் முந்தானைக்குள் இருந்த மாவுக்கட்டுக் கையை வாயாடி கவனித்தாள். ஐயோ, இந்த நாக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தன்னையே நொந்துகொண்டாள்.

“உங்க பொண்ணாம்மா?”

“பொண்ணுதான்.”

“யாரு அடிச்சது?”

“கட்டினவன்.”

வாயாடியின் முகம் மாறிவிட்டது. “எங்கெங்க அடின்னு கூச்சப்படாமச் சொல்லுங்க. அது தெரிஞ்சாத்தான் உறுத்தாததா எடுத்துத் தர முடியும்.”

“எங்க அடி இல்லன்னு கேளு. முடியைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் சுவத்துல மோதினான். பெல்ட்டால முதுகைக் கிழிச்சான். விழுந்தவளை விலாவுலயே மிதிச்சான். ‘விட்டுடுங்க’ன்னு கும்பிட்டா, அதுக்கும் ஒரு மிதி. அப்புறம் பாட்டிலை உடைச்சு அடிவயித்துல...” அந்த அம்மாள் தன் மாவுக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். “குறுக்க போன என் கையையும் முறிச்சுட்டான்.”

“பாவி! நாசமாப் போறவன்!”

“வலப்பக்கம்தான் அடி அதிகம். அவனுக்குச் சின்னதுலேருந்தே இடது கைப் பழக்கம். வலது தோள் எலும்பு விட்டுப்போச்சு, கையைத் தூக்க முடியல. போற இடத்துல மாட்டிவிட ஆள் கிடையாது. ஒத்தக் கையால அவளே போட்டுக்கணும். புண்ணுல படாம இருக்கணும். அவளுக்கு இப்ப நான் செய்யக்கூடியது இது ஒண்ணுதான்.”

வாயாடி ஏணியில் ஏறி மேல் தட்டுப் பெட்டிகளைத் தடதடவென்று இறக்கினாள். காட்டன் ஜட்டி ஒன்றை விரித்துத் தன் இடுப்பில் வைத்துக் காட்டினாள்.

“இது தொப்புளுக்கு மேல ஏறி நிக்கும். எலாஸ்டிக் வயித்துத் தையல் மேல படாது. வீக்கம் இருக்கும், ஒரு அளவு பெரிசா எடுங்க. கறுப்பு வேணாம், வெளிர் நிறம்தான் நல்லது. ரத்தம் கசிஞ்சா உடனே தெரியணும்.”

பிராவுக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. கடைசியில் கொக்கியே இல்லாத, நன்றாக இழுபடும் ஒன்றை எடுத்தாள். “தலை வழியா வேணாம். பாவாடை மாதிரி கால் வழியா ஏத்திக்கச் சொல்லுங்க.” சொன்னதோடு நிற்காமல், வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு சுடிதாருக்கு மேலேயே போட்டுக் காட்டினாள். அது இடுப்பில் சிக்கிக்கொள்ள, நொண்டியடித்தாள்.

“இன்னொரு தடவை செய்யி,” என்றாள் அந்த அம்மாள், கண் எடுக்காமல். இந்தத் தடவை ஏறிவிட்டது. “சரி, இதையே அவளுக்குச் சொல்லிக் குடுக்கிறேன்.”

பெல்ட் காயத்தில் உரசக் கூடாதென்று, பின்பக்கத்து லேபிள்களைக் கத்தரியால் நறுக்க ஆரம்பித்தாள் வாயாடி. அவன் கழுத்தையே நறுக்குவது போலத்தான் நறுக்கினாள். “அந்த நாய் இப்ப எங்க? உள்ள தள்ளிட்டாங்களா?”

“செத்துட்டான்.”

கத்தரி நின்றது.

“மறுபடியும் பாட்டிலை ஓங்கினான். நல்லா இருந்த கைக்கு இஸ்திரிப் பெட்டி ஆப்புட்டுது அவளுக்கு. மண்டையில ஒரே போடு. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். கால் ரெண்டும் கொஞ்ச நேரம் உதைச்சுக்கிச்சு, அப்புறம் அடங்கிருச்சு.” அந்த அம்மாள் ஒரு ஜட்டியை எடுத்து எலாஸ்டிக்கைத் தன் கையில் அழுத்திப் பார்த்தாள். “நாளைக்கு அவளை ஜெயிலுக்குக் கொண்டு போறாங்க. கம்பி, கொக்கி, நாடா எதுவும் அங்க விட மாட்டாங்களாம்.”

“அப்படிப் போடு!” மேசையில் ஓங்கி அடித்தாள் வாயாடி. “நல்லா செஞ்சா உங்க பொண்ணு! என் கையில சிக்கியிருந்தா நானும் ரெண்டு போட்டிருப்பேன். ஒரே அடியில போய்ச் சேர்ந்தானே, அதுதான் எனக்கு ஆறல.”

அந்த அம்மாள் துணிகளை ஒற்றைக் கையால் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

வாயாடிக்கு இன்னும் அடங்கவில்லை. “அவனை மட்டும் சொல்லி என்ன? இப்படி ஒரு மிருகத்தைப் பெத்து வளர்த்து விட்டாளே, அவளைச் சொல்லணும்! உங்க பொண்ணு இங்க குத்துயிரும் கொலையுயிருமாக் கிடக்கா, அவ எங்கயாவது உக்காந்து மண்ணை வாரித் தூத்திக்கிட்டிருப்பா, மகராசி. அவ பெத்த வயிறு பத்தி எரியணும்மா!”

அந்த அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“எரியுதும்மா. அவனைப் பெத்தவ நான்தான்.”