சனிக்கிழமை மாற்றுப்பாதை

கானா நாட்டுக் குமாசி நகரின் சனிக்கிழமை வெயிலில், தெருவை அடைத்துப் போட்ட சாவுப் பந்தலுக்கு முன்னால் லாரி ஒன்று உறுமிக்கொண்டு நிற்கிறது. பெரிய சாலையில் வேலை நடப்பதால் வண்டிகளையெல்லாம் இந்தத் தெருவுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். முரசு நின்றுவிட்டது. துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்தி வந்தவர்கள் எழுந்து, ஆளுக்கொரு நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒதுங்குகிறார்கள். "சனிக்கிழமைன்னா இங்க சாவுப் பந்தல்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே! எவன்யா இதுக்குக் கையெழுத்துப் போட்டது?" என்று ஒருவர் கத்துகிறார். கையெழுத்துப் போட்ட பொறியாளர் போவாடு, ஒளிரும் மேல்சட்டையோடு லாரிக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். 'இடத்தை நேரில் பார்த்தேன்' என்ற கட்டத்தில் மேசையில் உட்கார்ந்தபடியே டிக் அடித்த தாள் அவர் கையில் நாலாக மடிகிறது, எட்டாக மடிகிறது. போன வருஷம் தன் அப்பாவுக்கு அவர் பந்தல் போட்டதும் இதே தெருவில்தான். இறந்தவரின் மனைவி செர்வா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறாள். போவாடு தலையைக் குனிந்துகொள்கிறார். அவள் தாளோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "உங்கப்பா சாவுக்கு அவரு வந்தாருன்னு, வேலைய விட்டுட்டு ஓடி வந்திருக்கியே தம்பி. உக்காருப்பா." யாரோ தூக்கிப் பிடித்திருந்த நாற்காலியை அவருக்காக இறக்கிப் போடுகிறார்கள். அவர் உட்காரும்போது பின்னால் அடுத்த லாரி ஹாரன் அடிக்கிறது.