ஓரத்தில் எழுதிய விடை

பாதியில் விட்ட பட்டத்தை நாற்பத்தைந்து வயதில் முடிக்க வந்திருந்தாள் தமயந்தி. விடைத்தாளைத் திருத்திய இயந்திரம் கடைசிக் கணக்குக்கு மதிப்பெண் தரவில்லை. ‘இந்த வழி உங்களுடையது அல்ல; செல்வினுடையது’ என்றது திரை.

விடையை முதலில் ஊகித்து ஓரத்தில் எழுதிவிட்டுத்தான் எந்தக் கணக்கையும் தொடங்குவான், அந்நாளில் இதே கல்லூரியில் அவளோடு படித்த செல்வின். கேன்டீனில் ஒரே டீயைப் பகிர்ந்து குடித்த நாட்களில் அவளுக்கும் அது தொற்றிக்கொண்டது.

“அவர் சம்மதம் குடுத்தா மார்க் வந்துரும் மேடம்” என்றார் தேர்வு அலுவலர்.

“அவன் செத்து ரொம்ப வருஷமாச்சு சார்.”

“அப்ப மறுதேர்வு எழுதுங்க. உங்க சொந்த வழியில போட்டா பாஸ்தான்.”

மறுதேர்வில் தமயந்தி முதல் வேலையாக ஓரத்தில் விடையை எழுதினாள். திரையில் மறுபடியும் அவன் பெயர் வந்தது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்: “இன்னொரு தடவை எழுத விடுவீங்களா சார்?”