காற்றாடியில் சிக்கிய நூல்

ஜோஸ்வினின் கால்கள் இரண்டும் காருக்கு வெளியே தெருவில் நீட்டிக்கொண்டிருந்தன. தலை உள்ளே, டேஷ்போர்டுக்கு அடியில்.

நான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இருப்பது மூன்று தொட்டிதான். அன்று காலையில் அவற்றுக்கு அது இரண்டாவது குளியல்.

எதிர்வீட்டு எலக்ட்ரிக் காரில் ஹீட்டர் காற்றாடியின் மோட்டார் போய்விட்டது என்றதும் சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவே சிரித்தது. மே மாதம். குழாயைத் திறந்தாலே வெந்நீர் வருகிறது.

"இன்னா தம்பி, ஏரிக்கரையில பனி கொட்டுதா? ஹீட்டர் ரிப்பேர் பண்ணிகினு கீற?" என்றார் சம்பத். தெருவில் பாதி மனை அவருடைய அப்பா விற்றது. அந்த உரிமையில் யாரையும் கிண்டல் செய்வார்.

"ஏசிக்கும் அதே ஃபேன்தாண்ணா" என்றது உள்ளே இருந்த தலை.

மோட்டாரை ஆன்லைனில் வாங்கி, வீடியோ பார்த்துத் தானே மாற்றுகிறான். சீட்டில் சாய்த்து வைத்த போனில் யாரோ இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தார்கள். ஜோஸ்வினுக்கு இந்தி தெரியாது.

வாசலில் நாற்காலி போட்டு அவன் அம்மா ரத்தினபாய் மேற்பார்வை. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்பு ஒரு சின்ன ஜெபமும் நடந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜோஸ்வினை வாலிபர் தலைவராக அறிவிக்கப் போகிறார்கள். அதற்காக அந்த அம்மாள் இருந்த உபவாசங்களை என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். தெருவில் ஒவ்வொருவரிடமும் மட்டும்.

கண்டிப்பான சபை. நகை கிடையாது, பொட்டு கிடையாது, பூ கிடையாது.

மருமகள் ஜெரூஷா வேறு சபையிலிருந்து வந்தவள். கல்யாணத்தோடு அவள் கம்மலும் போயிற்று. வெறும் காது, வெறும் கழுத்து, இறுக்கிப் போட்ட கொண்டை. ஊரப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஜோஸ்வின் வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்க்கிற நாட்களில் கார் அவளுடையது.

இதெல்லாம் நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. கண் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது.

முன் சீட்டுக்கு எதிரே சாமான் போட்டு வைக்கும் பெட்டியைக் கழற்றித் தரையில் வைத்தான். அதன் பின்பக்கத்தில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. பெட்டிக்குப் பின்னால்தான் காற்றாடி இருக்கிறதாம். ஓட்டை வழியாக எது விழுந்தாலும் அது இழுத்துக்கொள்ளுமாம்.

அடுத்து மோட்டார் வந்தது. ஒரு சொம்பு அளவு. நடுவில், சுழல்கிற தண்டில், வெள்ளை நூல் ஒன்று இறுக்கிச் சுற்றியிருந்தது. நூல் நெடுகப் பழுப்பாக, காய்ந்த ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

சம்பத் குனிந்து முகர்ந்தே பார்த்துவிட்டார். "இன்னாப்பா இது, மல்லிப்பூ மாதிரி கீதே?"

போனில் இந்தி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

ரத்தினபாய் எழுந்தார். "இது யாருதுலே?"

அப்போதுதான் ஜெரூஷா தட்டில் டீ எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மோட்டாரைப் பார்த்தாள். அவளுடைய வலது கை தட்டை விட்டுவிட்டுக் கொண்டைக்குப் பின்னால் போனது. தடவிப் பார்த்தது. ஒன்றும் இல்லை என்றதும் இறங்கி மறுபடி தட்டைப் பிடித்துக்கொண்டது. டீ கொஞ்சம் சிந்தியது.

பூ வைத்துப் பழகாத தலைக்கு ஒரு கை அப்படிப் போகாது. நான் தினமும் வைக்கிறேன். எனக்குத் தெரியும்.

சம்பத் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தினபாய் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான்.

ஜோஸ்வின் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"ஆபீஸ்ல ஸ்நேகான்னு ஒரு பொண்ணும்மா. நாலஞ்சு நாள் தாம்பரம் ஸ்டேஷன்ல டிராப் பண்ணேன்."

"ஏன், அந்தப் பிள்ளைக்கு பஸ்ஸு ஓடலியோ?"

அவன் பழைய மோட்டாரை எடுத்து ஓரமாக வைத்தான்.

"ஞாயித்துக்கிழமை அறிவிப்பு ஒண்ணும் வேண்டாம். பாஸ்டர்ட்ட நானே சொல்லிருதேன்."

சொல்லிவிட்டு ரத்தினபாய் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஜெபச் சத்தம் கேட்டது. அதில் ஜோஸ்வின் பேர் வந்தது. ஸ்நேகா பேரும் வந்தது.

சம்பத் "பலே ஆளுப்பா நீ" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு டீக்கடைப் பக்கம் விரைந்தார். அங்கே போய்ச் சேருவதற்குள் ஸ்நேகாவுக்கு ஊர், உயரம், நிறம் எல்லாம் வந்துவிடும். வழக்கமாக அது என் வேலை. அன்று எனக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை பாக்கி இருந்தது.

ஜெரூஷா டம்ளரை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

புது மோட்டாரை மாட்டி சுவிட்சைப் போட்டான். குளிர்ந்த காற்று வந்தது. சத்தமே இல்லை.

பெட்டிதான் கடைசி. அதைத் திருப்பிப் பிடித்து, பின்பக்க ஓட்டையின் மேல் கறுப்பு டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டினான். ஓரமெல்லாம் கட்டைவிரலால் அழுத்தினான்.

பிறகு அதை இருந்த இடத்தில் மாட்டி, ஒரு தடவை திறந்து மூடிக் காட்டினான், ஜெரூஷாவுக்கு.